சுகர் எகிறி ஆஸ்பத்திரிக்குப் போனா, நெஞ்சுக்கு எதுக்கு எக்ஸ்ரே?

ராத்திரி 11 மணி. உங்க ஹாஸ்டல் ரூம்மேட் காலையிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டே இருக்கிறார். முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணி சேரலைன்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. எலுமிச்சை ஜூஸ், ஓ.ஆர்.எஸ், வாந்தி மாத்திரை எல்லாம் கொடுத்தாச்சு. இப்போது பார்த்தால், மாடிப்படி ஏறி ஓடி வந்தவர்போல மூச்சு வாங்குகிறது. ஆனால், அவர் கட்டிலைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறீர்கள். எமர்ஜென்சி வார்டில் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார்கள். குளுக்கோமீட்டரில் நம்பரே வரவில்லை. 'ஹை' என்று மட்டும் காட்டுகிறது.

டிரிப்ஸ் ஏறுகிறது. இன்சுலின் போகிறது. கொஞ்ச நேரத்தில் டியூட்டி டாக்டர், "செஸ்ட் எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துடுங்க" என்கிறார். ஊரிலிருந்து போனில் ரூம்மேட்டின் அப்பா கேட்கிறார்: "சுகருக்கு எதுக்குப்பா நெஞ்சுல படம் எடுக்குறாங்க? பில்லைக் கூட்டவா?"

நியாயமான கேள்விதான். இதற்கு நல்ல பதிலும் இருக்கிறது. அந்தப் பதில் தெரிந்திருந்தால், என்றைக்காவது ஒருநாள் நீங்கள் ஒருவரின் உயிரைக் காப்பாற்றவும் வாய்ப்பிருக்கிறது. மிகைப்படுத்தலை. கடைசிவரை படிச்சா உங்களுக்கே புரியும்.

உடம்புக்குள்ளே என்ன நடக்குது?

அந்த ரூம்மேட்டுக்கு வந்திருப்பதன் பெயர் டயபடிக் கீட்டோஅசிடோசிஸ். ஆஸ்பத்திரியில் டி.கே.ஏ என்பார்கள். ரத்தத்தில் சர்க்கரை நிறைய இருக்கும். ஆனால், அதை செல்களுக்குள் எடுத்துப்போக இன்சுலின் இருக்காது. சோறு நிறைய இருந்தும் வாய் கட்டப்பட்ட நிலை. வேறு வழியில்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்போது கீட்டோன் என்கிற அமிலங்கள் ரத்தத்தில் குவியும். இன்னொரு பக்கம், தேங்கிய சர்க்கரை சிறுநீரில் வழியும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பெரியவர் ஒருவர் இந்த நிலையில் சுமார் 6 லிட்டர் தண்ணீரை இழந்திருப்பார். அதனால்தான் நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், பார்க்கவே பாவமாக இருக்கும்.

ரத்தம் அமிலமாக மாறினால் உடம்பு சும்மா இருக்காது. கார்பன் டை ஆக்ஸைடை வெளியேற்றினால் அமிலம் கொஞ்சம் குறையும் என்பது அதற்குத் தெரியும். அதனால் ஆழமாக, வேகமாக, நிற்காமல் மூச்சு விடவைக்கும். 1874-ம் ஆண்டு அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மன் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். மூச்சுக்குழாயில் அடைப்பு இல்லை, காற்று தாராளமாகப் போய் வருகிறது. ஆனாலும், நோயாளி காற்றுக்குத் தவிப்பவர்போல இருக்கிறார் என்பதுதான் அவரை யோசிக்க வைத்தது. 'பெரிய மூச்சு' என்று அதற்குப் பெயர் வைத்தார். இன்றைக்கும் அது குஸ்மால் மூச்சுதான். அந்த மூச்சில் சில நேரம் நெயில்பாலிஷ் ரிமூவர் வாசனை அடிக்கும். அது அசிட்டோன், கீட்டோன் குடும்பத்தைச் சேர்ந்தது.

குஸ்மால் இதை எழுதும்போது எக்ஸ்ரே என்ற ஒன்றே உலகத்தில் கிடையாது. ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடித்தது 1895-ல். ஆக, மூச்சு வாங்குவதற்குக் காரணம் நுரையீரலா, ரத்தமா என்று கண்ணாலும் காதாலும் மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டிய நிலைமை அன்றைக்கு. இன்றைக்கு நம்மிடம் படம் இருக்கிறது. ஆனால் குழப்பம் என்னவோ அப்படியேதான் இருக்கிறது.

வீஸிங்னு நினைச்சு நெபுலைஸர்...

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமா படிங்க. டைப் 1 சர்க்கரைநோய் வரும் பிள்ளைகள், இளைஞர்கள் பலருக்கு, தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே டி.கே.ஏ-வில் போய் விழும்போதுதான் தெரியும். முன்னாடி ரிப்போர்ட் கிடையாது, மாத்திரை கிடையாது, யாருக்கும் சந்தேகமும் வராது. மூச்சு வாங்குதா? வீஸிங். வாந்தியா? ஃபுட் பாய்சன். வயிற்றுவலியா? அப்பெண்டிக்ஸ். இப்படி ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒவ்வொரு பெயர் வைத்து, நெபுலைஸர் கொடுத்து, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும் விபத்து உலகம் முழுக்க நடக்கிறது.

இதில் எக்ஸ்ரே தலைகீழாகவும் உதவும். ஒருத்தர் பயங்கரமாக மூச்சு வாங்குகிறார். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் சுத்தமாக இருக்கிறது. எக்ஸ்ரேயும் கிளியர். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 98, 99 என்று காட்டுகிறது. அப்படியானால் நுரையீரலைவிட்டு வெளியே தேட வேண்டும் என்று அர்த்தம். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "சுகர் பார்த்தீங்களா?" விரலில் ஒரு குத்து. பத்து செகண்டு கூட ஆகாது.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் டி.வி ஸ்டாண்டில் கிடக்கிறது. அதில் 99 வந்தால் 'பயமில்லை' என்று நினைத்துவிடாதீங்க. நுரையீரலில் பிரச்னை இல்லாத டி.கே.ஏ-வில் ஆக்ஸிஜன் பெரும்பாலும் நார்மலாகவே இருக்கும். ரத்தத்தில் அமிலம் ஏறுவதை அந்தக் கருவி காட்டாது. மாறாக, டி.கே.ஏ இருப்பவருக்கு ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இறங்கினால், டாக்டர் உடனே நெஞ்சைத்தான் பார்ப்பார். ஏனென்றால், வெறும் அமிலம் ஆக்ஸிஜனைக் குறைக்காது. உள்ளே இன்னொன்று இருக்கிறது.

எக்ஸ்ரேயில் தேடுவது சர்க்கரையை அல்ல

டி.கே.ஏ இருக்கிறதா, இல்லையா என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அதைச் சொல்வது ரத்தப் பரிசோதனைகள். சர்க்கரை, கீட்டோன், ரத்தத்தின் அமிலத்தன்மை இந்த மூன்றும்தான். கீட்டோன் லிட்டருக்கு 3 மில்லிமோல் அல்லது அதற்கு மேல், பி.ஹெச் 7.3-க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை. எக்ஸ்ரேயின் வேலை வேறு: இது ஏன் வந்தது? கூட வேறு என்ன இருக்கிறது?

டி.கே.ஏ சும்மா வராது. பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, இன்சுலினை நிறுத்தியது அல்லது தவறவிட்டது. இன்னொன்று, நோய்த்தொற்று. தொற்று என்றால் முதல் வரிசையில் நிற்பவை நிமோனியாவும் சிறுநீர்த்தொற்றும். உடம்பில் கிருமி புகுந்துவிட்டால் அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் எகிறும். அவை இன்சுலினுக்கு நேர் எதிராக வேலை செய்யும். வழக்கமாகப் போடுகிற இன்சுலின் அளவு அப்போது போதாது. ஆக, டி.கே.ஏ-வை மட்டும் சரிசெய்துவிட்டு, பின்னால் இருக்கும் நிமோனியாவை விட்டுவிட்டால், தீயை அணைத்துவிட்டு கேஸ் சிலிண்டரைத் திறந்தே வைத்துவிட்டு வருகிற கதைதான்.

வரலாற்றில் ஒரு பையனை எப்போதும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். லியோனார்ட் தாம்ஸன். 1922 ஜனவரியில், கனடாவின் டொரன்டோவில், உலகிலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்ட சர்க்கரை நோயாளி. சாவின் வாசலில் இருந்தவன் பிழைத்தான், பெரியவனான், வேலைக்குப் போனான். 13 வருஷம் கழித்து, 1935-ல், 26 வயதில் இறந்துபோனான். காரணம், நிமோனியா. கிருமியைக் கொல்லும் பென்சிலின் அப்போது நோயாளிகள் கைக்கு வந்திருக்கவில்லை. இன்றைக்கு நம்மிடம் மருந்து இருக்கிறது. நிமோனியா இருப்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

'அதான் காய்ச்சல் இருக்கே, தொட்டுப் பார்த்தாலே தெரியுமே' என்று தோன்றலாம். அங்கேதான் டி.கே.ஏ ஏமாற்றும். தொற்று இருந்தாலும் இவர்களுக்குக் காய்ச்சல் வராமல் போகலாம். சிலருக்கு உடம்பு வழக்கத்தைவிடக் குளிர்ந்துகூட இருக்கும். சரி, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்? தொற்றே இல்லாவிட்டாலும் டி.கே.ஏ-வில் அது 10,000, 15,000 என்று ஏறும். 25,000-ஐத் தாண்டினால் மட்டும் தொற்றைப் பலமாகச் சந்தேகிப்பார்கள். மூச்சு வேகமும் நம்ப முடியாது, அமிலமே அதை வேகமாக்கிவிடுகிறது. வயிற்றுவலி டி.கே.ஏ-விலும் வரும், நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தாலும் வரும். இப்படி, சாதாரணமாக டாக்டருக்கு வழிகாட்டும் அடையாளங்கள் எல்லாமே குழம்பிக் கிடக்கும்போது, ஒரு படம் எடுத்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய உதவி என்று யோசிங்க.

டி.பி என்கிற பழைய கூட்டாளி

நம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்கிறது. உலகக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியாவில் இருக்கிறார்கள். சர்க்கரைநோய் இருந்தால் டி.பி வரும் ஆபத்து 2 முதல் 3 மடங்கு. ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சர்க்கரை எகிறி வந்தவரின் நெஞ்சுப் படத்தில் டி.பி தட்டுப்படுவது ஆச்சர்யமே இல்லை. அரசின் காசநோய்த் திட்டத்திலேயே, டி.பி வந்தவர்களுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டும், சர்க்கரை இருப்பவர்களிடம் டி.பி அறிகுறி கேட்க வேண்டும் என்று இரு பக்கமும் வைத்திருக்கிறார்கள்.

வழக்கமாக டி.பி நுரையீரலின் மேல் பகுதியில் இடம்பிடிக்கும். சர்க்கரைநோயாளிகளிடம் கீழ்ப் பகுதியிலும் அதிகம் வரும். பார்க்க நிமோனியாபோலவே இருக்கும். அதனால் நிமோனியா மருந்து கொடுத்தும் நிழல் கரையவில்லை என்றால், சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 'ரெண்டு வாரமா இருமல் இருந்துச்சு, வெயிட்டும் குறைஞ்சுது' என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லிடுங்க. எடை குறைவது சர்க்கரையாலும் நடக்கும் என்பதால், யாரும் அதை டி.பி-யோடு சேர்த்துப் பார்க்காமல் விட்டுவிடுவார்கள்.

2021-ல் கொரோனா இரண்டாவது அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்று நாடே பயந்தது ஞாபகம் இருக்கிறதா? மியூகார்மைகோசிஸ். கட்டுப்பாடில்லாத சர்க்கரை, குறிப்பாக டி.கே.ஏ, அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைத்த மாதிரி. மூக்கு, கண் பக்கம்தான் அதிகம் வரும், நுரையீரலிலும் வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் சாதாரண எக்ஸ்ரே போதாது, சி.டி ஸ்கேன் வேண்டும்.

கழுத்தைத் தொட்டா நறநறன்னு சத்தம்

இளைஞர்களிடம் மட்டும் அதிகம் பார்க்கக்கூடிய ஒரு விநோதம் இது. டி.கே.ஏ-வில் மணிக்கணக்கில் ஓங்கி ஓங்கி வாந்தி எடுக்கிறோம், நடுவில் ஆழமாக மூச்சும் இழுக்கிறோம். நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறி, குட்டிக் குட்டிக் காற்றறைகளில் சில உடைந்துபோகும். வெளியே கசிந்த காற்று, ரத்தக்குழாய்களை ஒட்டியே நகர்ந்து, இதயத்தைச் சுற்றியுள்ள இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து கழுத்துத் தோலுக்கு அடியிலும் ஏறும். தொட்டால் அப்பளம் நொறுங்குகிறதுபோல நறநறவென்று இருக்கும். 1939-ல் இதை விவரித்தவர் அமெரிக்க மருத்துவர் லூயி ஹாமன். இதயம் துடிக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு நொறுங்கல் சத்தம் கேட்கும் என்று அவர் எழுதிவைத்தார்.

கேட்க பயமாக இருந்தாலும் இது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். டி.கே.ஏ-வுக்கு வைத்தியம் பார்த்தால் மூச்சு அடங்கும், காற்றும் உடம்பிலேயே கரையும். ஆனால், இதேபோலக் காற்று கசிவதற்கு இன்னொரு ஆபத்தான காரணம் இருக்கிறது. வாந்தியின் வேகத்தில் உணவுக்குழாயே கிழிந்துபோவது. அது உடனே கவனிக்க வேண்டிய அவசரம். அதனால், 'வாந்தி எடுத்தேன், அதுக்கப்புறம்தான் நெஞ்சு வலிக்குது' என்று ஒருவர் சொன்னால், அந்த வரிசை முக்கியம். வலி முதலில் வந்ததா, வாந்தி முதலில் வந்ததா என்பதைக் குழப்பாமல் சொல்லுங்க. கசிந்த காற்று கொஞ்சமாக இருந்தால் எக்ஸ்ரேயில் தப்பிவிடும், சி.டி-யில் தெரிந்துவிடும்.

கிளியர்னு வந்த படம், மறுநாள் மாறலாம்

'எக்ஸ்ரே நார்மல்' என்றவுடன் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். கொஞ்சம் பொறுங்க. நிமோனியா ஆரம்பித்த முதல் சில மணி நேரங்களில் படத்தில் எதுவும் தெரியாமல் போகலாம். அது போக, 6 லிட்டர் தண்ணீர் வற்றிப்போன உடம்பில் நுரையீரல் நிழல் சரியாக விழாது, டிரிப்ஸ் ஏறிய பிறகே வெள்ளையாகத் தெரியும் என்று வார்டுகளில் வழிவழியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நீர்ச்சத்தைக் காரணம் காட்டுவதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. ஆனால், நடைமுறைப் பாடம் ஒன்றுதான்: இருமலோ, ஆக்ஸிஜன் குறைவோ நீடித்தால், நேற்றைய 'நார்மல்' படத்தைக் காட்டி டாக்டர் ஓய்ந்துவிட மாட்டார். மறுபடி எடுப்பார். "நேத்துதானே எடுத்தீங்க?" என்று சண்டைக்குப் போகாதீங்க.

வைத்தியத்தின் நடுவிலும் படம் தேவைப்படலாம். முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரியவர்களுக்கு ஒரு லிட்டர் சலைன்வரை ஏற்றுவார்கள். வற்றிய உடம்புக்கு அது அமிர்தம். ஆனால், இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் தேங்கும். மூச்சு அடங்கி வந்தவருக்குத் திடீரென்று மறுபடி மூச்சுத்திணறல், ஆக்ஸிஜன் இறக்கம். அப்போது படுக்கையிலேயே ஒரு எக்ஸ்ரே, அல்லது நெஞ்சில் அல்ட்ராசவுண்டு வைத்துப் பார்ப்பார்கள். கழுத்து நரம்பில் பெரிய ஊசிக்குழாய் போட்டிருந்தாலும், மூக்கு வழியாக டியூப் விட்டிருந்தாலும், அதன் முனை சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று ஒரு படம் எடுத்து உறுதிசெய்வது வழக்கம்.

எல்லாருக்கும் எடுக்கணுமா?

வேண்டாம். அப்பாவின் கேள்விக்கு இதுதான் நேரடியான பதில். அமெரிக்க நீரிழிவு அமைப்பின் வழிகாட்டுதலும் சரி, பிரிட்டனின் வழிகாட்டுதலும் சரி, நெஞ்சு எக்ஸ்ரேயை 'தேவை இருந்தால்' என்ற வரிசையில்தான் வைத்திருக்கின்றன. இருமல், காய்ச்சல், நெஞ்சுவலி, ஆக்ஸிஜன் குறைவு, ஸ்டெத்தில் மாறுபட்ட சத்தம், நினைவு தப்பிய நிலையில் வாந்தி புரை ஏறியிருக்குமோ என்ற பயம், அல்லது டி.கே.ஏ ஏன் வந்தது என்றே புரியாத நிலை. இதெல்லாம் 'தேவை'. மாறாக, 'ரெண்டு நாளா இன்சுலின் தீர்ந்துபோச்சு, வாங்கலை' என்று காரணம் பளிச்சென்று தெரிந்து, நெஞ்சும் ஆக்ஸிஜனும் நன்றாக இருந்தால், படம் இல்லாமலே போகலாம்.

"டாக்டர், இந்த எக்ஸ்ரேல என்ன இருக்குமோன்னு பார்க்குறீங்க?" என்று தன்மையாகக் கேளுங்க. நல்ல டாக்டர் ஒரே வரியில் சொல்வார். சி.டி ஸ்கேன் எழுதினால் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கலாம். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் வாங்கும் கதிர்வீச்சு மிகக் குறைவு. சில நாள்களில் மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நம் உடம்பு தானாக வாங்கும் அளவுக்குள் அடங்கிவிடும். சி.டி-யில் அது பல மடங்கு. சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி என்றால் சிறுநீரகத்தையும் யோசிக்க வேண்டும். தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டு இருக்கும். ஆனால் நுரையீரலில் ரத்தக்கட்டி, உணவுக்குழாய்க் கிழிசல், பூஞ்சை போன்ற சந்தேகங்கள் வந்தால், அந்தக் கணக்கையெல்லாம் தாண்டி சி.டி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று மட்டும் விட்டுக்கொடுக்க முடியாதது. படத்துக்காக வைத்தியம் காத்திருக்கக் கூடாது. டிரிப்ஸ், பொட்டாசியம் பரிசோதனை, இ.சி.ஜி, இன்சுலின் இவைதான் முதலில். நிலைமை மோசமாக இருப்பவரை எக்ஸ்ரே ரூம் வாசலில் வரிசையில் படுக்கவைப்பதைவிட, தள்ளிக்கொண்டு வரும் எக்ஸ்ரே மெஷினை வார்டுக்கு வரவழைப்பதே நல்லது. படுத்தபடி எடுக்கும் படம் கொஞ்சம் தரம் குறைவு என்பது உண்மை. இதயம் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். 'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்றால் குஸ்மால் மூச்சு விடுபவரால் பிடிக்கவும் முடியாது, படம் கலங்கும். டாக்டர்களுக்கு இது தெரியும். ரிப்போர்ட்டில் 'இதயம் பெரிது' என்று பார்த்துவிட்டு நீங்கள் கூகுளில் தேடி அழ வேண்டாம்.

கூட நிற்பவர் செய்ய வேண்டியது

அந்த நேரத்தில் நோயாளியால் பேச முடியாது. நீங்கதான் அவருக்கு வாய். கடைசியாக இன்சுலின் எப்போது போட்டார், எவ்வளவு போட்டார் என்பது முதல் தகவல். வேறு என்ன மாத்திரை என்பது அடுத்தது. பெயரின் கடைசியில் 'ஃப்ளோசின்' என்று முடியும் சர்க்கரை மாத்திரைகள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்க. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாதிரி. இவை சாப்பிடுபவர்களுக்குச் சர்க்கரை அவ்வளவு ஏறாமலேயே டி.கே.ஏ வரலாம். மீட்டரில் 180 என்று பார்த்துவிட்டு 'சுகர்லாம் கன்ட்ரோல்லதான் இருக்கு' என்று எல்லாரும் ஏமாறுவது இங்கேதான். மாத்திரை அட்டையை போனில் போட்டோ எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பெண்ணாக இருந்து, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டு என்றால் சொல்லியே ஆக வேண்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு, தேவை என்றால் எடுக்கலாம். ஆனால், டி.கே.ஏ-வே குழந்தைக்கு ஆபத்து என்பதால் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் பெரியவங்க பக்கத்தில் நிற்கிறார்களே என்று கூச்சப்பட்டால், நர்ஸிடம் தனியாகச் சொன்னால் போதும்.

எக்ஸ்ரே எடுக்கும் முன் செயின், தாயத்து, ஊக்கு, உள்ளாடை ஹூக் எல்லாவற்றையும் கழற்றிவிட உதவுங்க. நீளமான பின்னலைத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டை போட்டுவிடுங்க. தோள்மேல் விழுந்த ஈரப் பின்னல், படத்தில் நுரையீரல் நோய்போலவே நிழல் தட்டும். சிரிப்பா இருக்கும், ஆனா நிஜம். கையில் சுகர் சென்சாரோ, இடுப்பில் இன்சுலின் பம்போ இருந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்க. கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம், உங்களுக்கே டைப் 1 இருந்தால் ஒரு விஷயம். காய்ச்சல், சளி, பேதி என்று சாப்பிட முடியாத நாளில், 'சாப்பிடலையே, எதுக்கு இன்சுலின்?' என்று நிறுத்திவிடாதீங்க. டி.கே.ஏ-வுக்குப் போகும் நேர்வழி அதுதான். அளவை மாற்ற வேண்டியிருக்கும், டாக்டருக்கு ஒரு போன் போடுங்க. சர்க்கரை 250-ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் கீட்டோன் ஸ்ட்ரிப்பில் பாருங்க. சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது என்றால் வீட்டில் உட்கார்ந்து ஸ்ட்ரிப் பார்த்துக்கொண்டு இருக்க நேரமில்லை. 108-ஐக் கூப்பிட்டு, "சுகர் பேஷன்ட், மூச்சு வாங்குது" என்று அந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்க.

அந்த ஃபிலிமைத் தூக்கிப் போடாதீங்க

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் எக்ஸ்ரே கவர் பீரோவுக்கு மேலே போய்விடும், பிறகு காணாமலும் போய்விடும். டியூப் லைட்டுக்கு முன்னால் பிடித்து போனில் எடுத்த போட்டோ ஃபேமிலி குரூப்பில் மட்டும் இருக்கும். அதில் பாதி நுரையீரல் லைட் வெளிச்சத்தில் வெளுத்துப்போயிருக்கும். அதை வைத்து எந்த டாக்டராலும், எந்த ஆப்பாலும் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. முடிந்தால் ஸ்கேன் சென்டரிலேயே டிஜிட்டல் ஃபைலாகக் கேட்டு வாங்கி, மெயிலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்க.

நிமோனியா வந்து போனவர்களில் சிலருக்கு, குறிப்பாக சிகரெட் பழக்கம் உள்ளவர்களுக்கும் 50 வயது தாண்டியவர்களுக்கும், அறிகுறி விலகாதவர்களுக்கும், சுமார் ஆறு வாரம் கழித்து இன்னொரு படம் எடுக்கச் சொல்வார்கள். அப்போதும் சரி, இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு எமர்ஜென்சியில் போய் நின்றாலும் சரி, படத்தில் ஒரு வெள்ளைத் தழும்பைப் பார்த்ததும் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "பழைய எக்ஸ்ரே இருக்கா?" என்பதாகத்தான் இருக்கும். தழும்பு பழசு என்றால் விட்டுவிடலாம். புதுசு என்றால் அன்றைக்கே சளி டெஸ்ட், மருந்து என்று வேலை ஆரம்பித்துவிடும்.